பக் நாய்களின் பரம்பரைச் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003இல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பக் நாய்க்கு 'ஹட்ச் நாய்' என்றே பெயர் விழுந்தது. கம்பெனி கைமாறியதும் அதுவே 'வோடஃபோன் நாய்' ஆயிற்று. தட்டை முகம், உருண்டைக் கண், சுருண்ட வால் என்று நாம் ரசிக்கிற அந்த உருவம்தான் இந்த இனத்தின் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம். வளர்ப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

பரம்பரை நோய் என்றால் தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் குட்டிக்கும் கட்டாயம் வருமா?

எல்லா நோய்க்கும் ஒரே கணக்கு கிடையாது. பக்கில் மூன்று விதம் உண்டு.

முதலாவது, உடல் அமைப்பால் வருவது. மூச்சுத் திணறல், கண் புண், தோல் மடிப்புப் புண் எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு ஒரே ஒரு ஜீனைக் குற்றம் சொல்ல முடியாது. பல ஜீன்கள் சேர்ந்து முகத்தைக் குறுக்கியதன் விளைவு இது. அதனால் பக்கின் மூச்சுத் திணறலை முன்கூட்டியே சொல்லும் டி.என்.ஏ. சோதனை எதுவும் இல்லை. நாயை நேரில் பார்த்து, மூச்சைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, ஒற்றை ஜீன் கோளாறு. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்து ரத்தசோகை வரும் பைருவேட் கைனேஸ் குறைபாடு இதற்கு உதாரணம். தாய், தகப்பன் இரண்டும் பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்து, ஆளுக்கு ஒரு கெட்ட பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரியே இந்தச் சோதனைக்குப் போதும்.

மூன்றாவது, அபாயத்தை மட்டும் கூட்டும் ஜீன். மூளை அழற்சி அந்த வகை. அதைத் தனியாகப் பார்ப்போம்.

பக்குக்கு மூக்கு எப்போதுமே இவ்வளவு சப்பையாகத்தான் இருந்ததா?

இல்லை. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தன்னையும் தன் பக்கையும் சேர்த்து வரைந்த படம் லண்டனில் இருக்கிறது. அதில் உள்ள நாய்க்கு மூக்குத் தண்டு தெளிவாக நீண்டிருக்கும்; காலும் உயரம். பிற்காலத்தில் தட்டை முகத்தையே பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்ததில் இன்றைய உருவம் வந்தது. பொறுக்குவது கூடக்கூட இனத்துக்குள் கலப்பு குறையும். பிரிட்டனில் இருந்த சுமார் 10,000 பக்குகளின் மரபுப் பன்மை வெறும் 50 நாய்களுக்கு ஈடானது என்று 2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு கணக்கிட்டது. நெதர்லாந்தில் மண்டை நீளத்தோடு ஒப்பிட மூக்கு மிகக் குட்டையாக உள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்ற விதி 2019இல் கறாராக்கப்பட்டது.

தூங்கும்போது குறட்டை விடுகிறது. 'பக் என்றால் அப்படித்தான்' என்கிறார்களே?

இந்த ஒரு வாக்கியம்தான் பக்குகளுக்கு அதிகக் கெடுதல் செய்திருக்கிறது. பக்குகளில் இது சகஜம் என்பது உண்மை. அதனாலேயே அது நலமாகிவிடாது. பிரிட்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் பக்குக்கு மூச்சுக்குழல் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 54 மடங்கு.

நடப்பது இதுதான். முக எலும்பு குறுகியது. ஆனால் உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரம் கீறல் போல ஒடுங்கியிருக்கும். மூக்குக்குள் இருக்கும் சுருள் எலும்புகள் காற்று போகும் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி நீளமாகவும் தடிமனாகவும் தொங்கி, குரல்வளை வாயிலை மறைக்கும். நாக்கும் பெரிது. இத்தனையையும் தாண்டிக் காற்றை இழுக்க நாய் ஒவ்வொரு மூச்சுக்கும் பலம் போடுகிறது. அந்த உறிஞ்சு விசையில் குரல்வளை ஓரச் சவ்வு வெளியே பிதுங்கும். மாதங்கள், வருடங்கள் போகப் போகக் குரல்வளைக் குருத்தெலும்பே தளர்ந்து உள்நோக்கி மடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆகவே சீக்கிரம் காட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை:

- விழித்திருக்கும்போதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கொறகொறவென்று சத்தம்
- தாடையைத் தலையணை மேலோ கட்டில் விளிம்பிலோ தூக்கி வைத்துத் தூங்குவது, உட்கார்ந்தபடியே தூங்கி வழிவது, வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டே தூங்குவது. வாய் மூடினால் மூச்சு முட்டுகிறது என்பதற்காக நாய் தானே கண்டுபிடித்த வழிகள் இவை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்
- தூக்கத்தில் மூச்சு நின்று, திடுக்கென்று விழிப்பது
- சாப்பிட்டதும் வெள்ளை நுரையோ உணவோ கக்குவது
- கொஞ்சம் ஓடினாலே படுத்துவிடுவது, மயங்கி விழுவது, நாக்கு நீலமாவது. இது வந்தால் அன்றைக்கே மருத்துவமனை

சில நேரம் நாய் நின்றபடி கழுத்தை நீட்டி, தும்மலை உள்பக்கமாக இழுப்பது போல 'ஹொங்க் ஹொங்க்' என்று செய்யும். ஒரு நிமிடத்துக்குள் தானே நின்று, நாய் பழையபடி விளையாடப் போய்விடும். அது வேறு, எப்போதாவது வந்தால் பயமில்லை.

இது எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறையை, நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் கென்னல் கிளப் 2019 முதல் பயன்படுத்துகிறது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தொண்டையில் வைத்துக் கேட்பார். பிறகு நாயை 3 நிமிடம் துரித நடையில் ஓட்டி, உடனே மறுபடி கேட்பார். 0 முதல் 3 வரை தரம் கொடுப்பார்கள். 0, 1 என்றால் இப்போதைக்குத் தொந்தரவு இல்லை. 2, 3 என்றால் நோய். ஓய்வில் மட்டும் கேட்டால் பல நாய்கள் தப்பித்துவிடும் என்பதால்தான் அந்த 3 நிமிட ஓட்டம். வயதும் எடையும் கூடினால் தரம் மாறும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். முறை எளிது. இந்தச் சோதனையை உங்கள் டாக்டரிடம் நீங்களே கேட்டு வாங்கலாம். தூக்கத்தில் வரும் சத்தத்தை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்; ஆஸ்பத்திரி மேஜையில் நாய் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டாது.

ஆபரேஷன் செய்தால் குணமாகிவிடுமா?

மூச்சு கணிசமாக எளிதாகும். சாதாரண நாய் ஆகிவிடாது. மூக்குத் துவார ஓரத்தில் ஆப்பு வடிவில் சதையை வெட்டித் தைத்து விரிப்பார்கள். நீண்ட அண்ணத்தைக் குறைப்பார்கள். பிதுங்கிய சவ்வு இருந்தால் எடுப்பார்கள். மூக்குக்குள் இருக்கிற சுருள் எலும்பு அப்படியேதான் இருக்கும். பக்குகளில் ஆபரேஷனுக்குப் பிறகும் கொஞ்சம் சத்தம் மிஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் 24 மணி நேரம்தான் ஆபத்தானது. தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம். இரவு முழுக்க ஆள் இருந்து கவனிக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மென்மையான உணவை உருண்டை பிடித்துக் கொடுக்க வேண்டும். கழுத்துப் பட்டை கூடாது, குரைக்க விடக்கூடாது. கருத்தடை ஆபரேஷனோடு சேர்த்தே மூக்கையும் சரிசெய்யச் சொல்லலாம். ஒரு மயக்க மருந்து மிச்சம்.

மூச்சுக்கும் எடைக்கும் என்ன தொடர்பு?

நிறைய. தொண்டைக் கொழுப்பு ஏற்கெனவே ஒடுங்கிய பாதையை இன்னும் நெருக்கும். பக்கின் இலக்கணப்படி எடை 6.3 முதல் 8.1 கிலோ. நம் ஊர் வீடுகளில் 11, 12 கிலோ பக் அபூர்வமில்லை. தராசை விடக் கை நம்பகமானது: விலாவைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும்.

குறைப்பதற்குக் கணக்கு இருக்கிறது. நாய் இருக்க வேண்டிய எடையை எடுங்கள், இப்போதைய எடையை அல்ல. அதை மூன்று முறை பெருக்கி, வர்க்கமூலம் இரண்டு தடவை எடுத்து, 70ஆல் பெருக்குங்கள். இலக்கு 8 கிலோ என்றால்: 8×8×8 = 512; முதல் வர்க்கமூலம் 22.6, மறுபடி 4.76, பெருக்கினால் சுமார் 333 கலோரி. எடை குறைக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான். கிலோவுக்கு 3,500 கலோரி உள்ள தீவனமென்றால் 95 கிராம். கப்பில் அள்ளாதீர்கள், சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

இப்போது வீட்டைப் பாருங்கள். ஒரு மேரி பிஸ்கெட் ஏறக்குறைய 25 கலோரி. அப்பா காபி குடிக்கும்போது இரண்டு, பாட்டி இரண்டு என்றால் அன்றைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பிஸ்கெட்டிலேயே போயிற்று. 100 கிராம் சோறு 130 கலோரி. காலையில் அன்றைய பங்கை ஒரு டப்பாவில் நிறுத்து வையுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் சரியான வேகம்.

கோடையில் எப்படிச் சமாளிப்பது?

நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர வைக்கும். மூச்சுப் பாதையே அடைத்த நாய்க்கு அந்த வழி பாதி மூடியிருக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நாக்கு ஈரம் ஆவியாவதும் மந்தம். வெயில் அடிக்காத மாலையில்கூடப் பக் விழுந்துவிடுவது இதனால்தான். கத்திரி வெயில் காலத்தில் காலை 6 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். மின்வெட்டில் மொட்டைமாடி அறையில் பூட்டி வைப்பதும் அதே அபாயம்.

நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிற ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் முதலில் குளிர வையுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள்; மின்விசிறியை அதன் மேல் திருப்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள். சிறிது நேரத்தில் அதுவே சூடாகி வெப்பத்தை உள்ளே பூட்டும். சுய நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆசனவாய் வெப்பமானி 39.5 காட்டியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தம் உறையாமையும் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும்.

கண் ஓரத்தில் பழுப்புப் படலம் படர்கிறது. அழுக்கா?

அழுக்கல்ல. கருவிழி மேல் நிறமி படிகிறது. பக்கின் கண்குழி ஆழமில்லாதது. விழி வெளியே தள்ளி நிற்கும். இமை முழுதாக மூடாது. தூங்கும்போது பாருங்கள், நடுவில் ஒரு கீற்று திறந்திருக்கும். மூக்குப் பக்கத்து இமை ஓரம் உள்ளே மடிந்து, மயிர் விழியில் உரசிக்கொண்டே இருக்கும். உலர்வும் உரசலும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் கருவிழி தன்னைக் காத்துக்கொள்ள நிறமியைக் கொண்டுவந்து போடுகிறது. நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் பார்வை போகும். படிந்ததை எடுப்பது கடினம். மேலும் படராமல் தடுக்கலாம்.

டாக்டர் முதலில் கண்ணீர் அளவைப் பார்க்க வேண்டும். அளவுக்கோடு போட்ட தாள் பட்டையைக் கீழிமையில் ஒரு நிமிடம் செருகி வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் இயல்பு. 10க்கும் கீழே என்றால் உலர்கண். அதற்கு சைக்ளோஸ்போரின் 0.2 சதவீதக் களிம்பு, பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போட வேண்டும். பலன் தெரியப் பல வாரம் ஆகும். பத்து நாளில் 'கேட்கவில்லை' என்று நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. இமை மடிப்புதான் காரணமென்றால் உள்மூலையைத் தைத்துச் சிறிதாக்கும் ஆபரேஷன் இருக்கிறது.

கண் சிவந்து நீர் வடிகிறது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடலாமா?

கூடாது. கண்ணைச் சுருக்கினாலோ, விழியில் நீலப்புகை போலத் தெரிந்தாலோ அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். கடைகளில் சிவந்த கண்ணுக்குக் கொடுக்கும் பல மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெத்தசோன் என்று எதுவாவது இருந்தால் போடவே போடாதீர்கள். புண் உள்ள கண்ணில் ஸ்டீராய்டு பட்டால் ஆறுவது நின்று, புண் ஆழமாகி, ஓரிரு நாளில் விழியே ஓட்டையாகலாம். முதலில் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். அதற்குப் பிறகுதான் மருந்து. கழுத்தில் கூம்புப் பட்டை கட்டாயம். நாய் ஒருமுறை காலால் தேய்த்தால் ஒரு வார மருந்து வீண். இரண்டு சொட்டு மருந்து இருந்தால் இடையில் 5 நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில்.

விழியே வெளியே வந்துவிட்டால்?

வேறு நாய் கடித்துக் குலுக்கினாலோ, பிடரியை இறுக்கிப் பிடித்தாலோ பக்குக்கு இது நடக்கும். நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். கிருமி நீக்கிய சலைன் நீரால் விழியை நனைத்துக்கொண்டே, கால் படாமல் பிடித்தபடி ஓடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. வருமுன் காக்க, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் கட்டும் ஹார்னெஸ்; அது மூச்சுக்கும் நல்லது.

பின்னங்கால் தள்ளாடுகிறது. கால்சியம் கொடுத்தால் சரியாகுமா?

ஆகாது, கால்சியத்தில் கடக்கும் வாரங்கள்தான் நஷ்டம். வயதை வைத்து யோசியுங்கள். 4 முதல் 12 மாதத்துக்குள் ஒரு பின்காலை வலியோடு தூக்கினால், தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் குறைந்து அது சிதையும் நோயாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியும், சிதைந்த தலையை வெட்டி எடுத்தால் நாய் நன்றாக நடக்கும். நடந்துகொண்டே நாலு எட்டு தாவி, மறுபடி சாதாரணமாக நடந்தால் முழங்கால் சில்லு விலகுகிறது. இடுப்பு மூட்டுக் கோளாறும் பக்கில் மிக அதிகம்.

வலியே இல்லாமல் தள்ளாடினால் முதுகெலும்பைச் சந்தேகியுங்கள். பிறவி வளர்ச்சிக் கோளாறு பக்கின் முதுகில் சில எலும்புகளை அரைகுறையாக, ஆப்பு வடிவில் விட்டிருக்கும். பல நாய்களுக்கு அது தொந்தரவு தராது. சிலவற்றில் முதுகு கூனித் தண்டுவடம் நெரியும். நடுவயது தாண்டிய பக்கில் தண்டுவடத்தைச் சுற்றி நார்த்திசு இறுகும் நோயும் உண்டு. பாதத்தைப் புரட்டி வைப்பது, பின்கால் நகத்தின் மேல்புறம் தேய்ந்திருப்பது, நடக்கும்போதே தெரியாமல் மலம் விழுவது ஆகியவை அடையாளம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நெரிவதைக் காட்ட எம்.ஆர்.ஐ. வேண்டும். வீட்டில் வழுக்கும் டைல்ஸ் மேல் ரப்பர் பாய் விரியுங்கள்.

ஒன்றரை வயதில் வலிப்பு வந்தது. பக்குக்கே உரிய மூளை நோய் இதுவா?

இருக்கலாம். மூளைத் திசு அழுகும் அழற்சி பெரும்பாலும் இளம் பக்குகளைத் தாக்கும். பெண் நாய்களில் அதிகம். வலிப்பு, ஒரே பக்கமாக வட்டமடிப்பது, தலையைச் சுவரில் அழுத்தி நிற்பது, திடீர்க் குருடு எல்லாம் வரும். எதிர்ப்பாற்றல் தொடர்பான குறிப்பிட்ட ஜீன் தொகுதியின் இரண்டு பிரதியும் உள்ள பக்குக்கு இது வரும் வாய்ப்பு சுமார் 12 மடங்கு. அப்படி உள்ளவற்றிலும் பலவற்றுக்கு வருவதில்லை. எனவே இந்தச் சோதனை இணை சேர்ப்பதைத் தீர்மானிக்கப் பயன்படும். வலிப்பு வந்த நாய்க்கு நோயை உறுதிசெய்யாது. ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளும் நாளைத் தள்ளிப்போடலாம். பெரும்பாலும் முடிவு நல்லதாக இருப்பதில்லை.

ஆனால் அதற்குள் அந்த முடிவுக்குப் போய்விடாதீர்கள். நம் ஊரில் இளம் நாய்க்கு வலிப்பு என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை முதலில் விலக்க வேண்டும், அதுவும் தடுப்பூசி அட்டையில் இடைவெளி இருந்தால். உண்ணிக் காய்ச்சல், சர்க்கரைக் குறைவு, கல்லீரல் கோளாறு எல்லாமே வலிப்பைக் கொண்டுவரும்; ரத்தப் பரிசோதனை முதலில். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு வீடியோவோடு போகலாம்.

பல் எடுக்க மயக்க மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மயங்கும்போதை விட விழிக்கும்போதுதான் பக்குக்கு ஆபத்து. மயக்குமுன் சில நிமிடம் ஆக்சிஜன் வைப்பீர்களா, குழாயை நாய் தானே மெல்லத் தொடங்கும் வரை எடுக்காமல் வைப்பீர்களா, விழித்த பிறகு யார் பக்கத்தில் இருப்பார் என்று கேளுங்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்பவரிடம் கொடுங்கள்.

குட்டி வாங்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்? கென்னல் கிளப் சான்றிதழ் போதுமா?

இந்தியக் கென்னல் கிளப் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்பதும், பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் 2017 மத்திய விதி. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

குட்டியை விடத் தாயைப் பாருங்கள். கடையில் கூண்டுக்குள் காட்டினால் வாங்காதீர்கள். தாயைப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேளுங்கள். மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்கிறதா, மூச்சிழுக்கும்போது ஓரம் உள்ளே ஒட்டுகிறதா? மூக்கின் மேல் மடிப்பு துவாரத்தின் மேல் கவிழ்கிறதா? ஒரே ஈற்றில் மூக்கு சற்றே நீண்ட குட்டி இருந்தால் அதைத்தான் எடுங்கள். 'ஷோ குவாலிட்டி இல்லை' என்று விலையும் குறைவாகச் சொல்வார்கள்.

ஒரே ஒரு முறை குட்டி போடவிட்டுப் பிறகு கருத்தடை செய்யலாமா?

மூச்சுத் தரம் 3 என்றால் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 2 என்றால் 0 அல்லது 1 உள்ள துணையோடு மட்டும். மூச்சுக்கு ஆபரேஷன் செய்த நாயையும் இணை சேர்க்காதீர்கள்; திருத்தப்பட்டது அதன் தொண்டைதான், குட்டிக்குப் போவது பழைய உருவம். முதுகு எக்ஸ்ரே, முழங்கால், கண் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். மூளை அழற்சி ஜீன் சோதனையில் இரண்டு பிரதி உள்ள நாயைப் பிரதியே இல்லாததோடு மட்டும் சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இரண்டு பிரதி வராது. குட்டித் தலை பெரிது என்பதால் சிசேரியன் தேவைப்படலாம். முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லையென்றால் காத்திருக்காமல் கிளம்புங்கள். நள்ளிரவில் சிசேரியன் செய்யும் ஆஸ்பத்திரி எது என்பதை இணை சேர்க்கும் முன்பே போன் செய்து கேட்டு வைத்திருக்க வேண்டும்.